மணலைக் கழுவிய நாள்

செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதில் என் மகன் தண்ணீரால் கல் அறுக்கும் மிஷின் செய்தான். வாங்கவில்லை, செய்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இதை எழுத நாலு நாள் ஆனது. ஆகட்டும், நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள்.

அவன் இருபது வருஷம் டைல்ஸும் கிரானைட்டும் அறுத்தவன். கைமிஷினால் அறுத்தால் தூள் புகையாகக் கிளம்பும். வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். பிறகு இருமல் வந்தது, போகவில்லை. அண்ணாமலை நகர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டரம்மா, "இனிமே தூசுல நின்னா தாங்காதுப்பா" என்றார். ஒளிக்காமல் சொன்ன அந்த அம்மாவுக்கு முதல் நன்றி. அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

சிதம்பரத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் பாய்தான் வழி சொன்னார். பெரிய ஊர்களில் தண்ணீரோடு மணலைக் கலந்து, ஊசித்துளை வழியாகப் பீய்ச்சி அறுக்கிறார்களாம், தூசே பறக்காதாம். அந்த மிஷினை வாங்க நம்மால் ஆகாது.

"நீயே செஞ்சு பாரேன் தம்பி. கார் கழுவுற பம்பு ஒண்ணு குடோன்ல சும்மாதான் கெடக்கு, எடுத்துட்டுப் போ. மிஷினு ஓடுச்சுன்னா நம்ம கடைக்கு டைல்ஸ்ல பூ வெட்டுற வேலையெல்லாம் உனக்குத்தான்" என்றார்.

மழைக்காலம் முழுக்க அவன் கொட்டகையிலேயே கிடந்தான். கீழே தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் இரும்புக் கம்பிகள், கம்பிகள் மேல் டைல்ஸ். கம்ப்யூட்டரில் பூ வரைந்தால், தண்ணீர் பீய்ச்சும் முனை அந்தப் பூவின் ஓரமாகவே நகரும். ஒருநாள் குழாய் பிடுங்கிக்கொண்டு கூரைத் தகரத்தை அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி மழை வந்துவிட்டதென்று துணி எடுக்க ஓடினாள்.

பாய் பார்க்க வருவதற்கு முதல் நாள், மிஷினுக்கென்று மகன் வாங்கி வைத்திருந்த மணல் மூட்டையை நான் பிரித்தேன். சிவப்பாக, ரவை மாதிரி இருந்தது. கையில் பொடி ஒட்டியது. இந்த அழுக்கோடா போடுவது என்று மூன்று தண்ணீரில் அலசி, மாடியில் காயவைத்து, பொழுது சாய அள்ளிவந்து மிஷின் டப்பாவில் கொட்டினேன். அவனிடம் சொல்லவில்லை. செய்த நல்லதைச் சொல்லிக்கொண்டு திரிகிறவள் இல்லை நான்.

மறுநாள் மத்தியானம் பாய் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மோட்டார் ஓடியது, தண்ணீர் சீறியது. டைல்ஸ் நனைந்ததே தவிர அறுபடவில்லை. மகன் குழாயைக் கழற்றினான். உள்ளே மணல் புட்டுமாவு மாதிரி கட்டியிருந்தது.

"பரவால்ல தம்பி, நான் போய் தொழுதுட்டு வரேன். அதுக்குள்ள பாரு" என்று பாய் எழுந்து போனார்.

"மணல் எப்டி ஈரமாச்சு?" என்றான் மகன்.

"நான்தான் கழுவுனேன்."

"கழுவுனியா?"

"அழுக்கா இருந்துச்சு. அரிசிய கழுவாமயா போடுறோம்?"

"மூட்ட மேல கொட படம் போட்ருக்கே, பாக்கலயா? நனையக் கூடாதுன்னு அர்த்தம்மா."

"கம்பெனி மார்க்குன்னு நெனச்சேன்."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலானது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாய் இப்படியே ஊருக்குப் போனால், நாளைக்கு அவன் மறுபடி அந்தக் கைமிஷினைத்தான் தூக்க வேண்டும். ஆனாலும் என்னை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் இருபத்தைந்து வருஷம் மணலில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வறுத்து விற்றவள் நான். மாடியில் காய்ந்த மணல் சாயங்காலக் கடல் காற்றில் ஈரம் வாங்கும் என்பது எனக்குத் தெரியாததா? பரண் மேலிருந்த இரும்பு வாணலியை இறக்கினேன்.

"தூசு பறக்கும். நீ வாசப்பக்கம் போ."

முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு வறுத்தேன். ஈர மணல் கரண்டியைப் பிடித்து இழுக்கும், பேசாது. காய்ந்ததும் சரசரவென்று ஓடும். அந்தச் சத்தம் வந்தபின் இறக்கி, சலித்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டேன்.

பாய் திரும்பி வந்ததும் வாணலியைப் பார்த்தார். "மல்லாட்ட வறுத்தீங்களாம்மா? எனக்கில்லயா?"

"இன்னிக்கு வெறும் மணலுதான் பாய்."

இந்தத் தடவை தண்ணீரின் சத்தமே வேறாக இருந்தது. முனை எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்தது. தொட்டித் தண்ணீர் கலங்கியது. கடைசியில் வெள்ளைப் பூ ஒன்று தனியாகக் கழன்று தொட்டிக்குள் விழுந்தது. மகன் கையை விட்டு எடுத்து பாயிடம் கொடுத்தான். பாய் அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "எப்ப ஆரம்பிக்கிற?" என்றார்.

நான் பூவைப் பார்க்கவில்லை. மகன் முகத்தைப் பார்த்தேன். சட்டை நனைந்திருந்தது. புருவம் கறுப்பாகவே இருந்தது.

மறுநாள் பாய்க்கு ஒரு படி மல்லாட்டை வறுத்துக் கொடுத்தனுப்பினேன், என் பழைய மணலில்.