பஞ்சுருட்டான் வீட்டுக்குள் போகும் நேரம்

என் வேலை பார்ப்பது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். காலணித் தொழில்நுட்பம் படித்துவிட்டு இங்கே சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. தையல் வரிசையில் ஒவ்வொருவர் பின்னாலும் இரண்டு நிமிடம் நிற்பேன். தையல் நேராக ஓடுகிறதா, ஓரம் சரியாக மடிந்திருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு டிக் போடுவேன். நான் போய் நின்றதும், அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த கை தடுமாறும். இருபது வருடம் தைத்த அக்காவுக்கும் தடுமாறும். “நீ கொஞ்சம் அப்பால போய் நில்லும்மா, தெச்சிட்டு கூப்டுறேன்” என்பார். போய் நிற்பேன். சாயங்காலம் வேனில் ஏறி உட்கார்ந்ததும் காலுக்கு முன்னால் கண்தான் ஓய்ந்துபோகும்.

பார்ப்பதில் இப்படி ஒரு தொந்தரவு இருக்கிறது என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் என் அப்பா. அப்போது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதம், முழுப்பரீட்சைக்கு முன்னால். அறிவியல் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். ஏதாவது ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்து ஏழு நாள் கவனிக்க வேண்டும். எந்த நேரத்தில் என்ன செய்தது, பார்த்தவர் யார் என்று அட்டவணை போட வேண்டும். கடைசியில் பெற்றோர் கையெழுத்து. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் காக்கையை எழுதிக்கொண்டார்கள். மீதிப்பேர் மைனா.

நான் அன்றைக்கே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுவிட்டேன். இடமிருந்து வலமாகக் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, மணிக்கு ஒரு கட்டம். மேலிருந்து கீழாக ஏழு நாள். பறவை மட்டும்தான் இன்னும் கிடைக்கவில்லை.

அம்மா அப்போது ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். காலை ஏழு மணிக்கு வேன் வரும். ஓவர்டைம் பார்த்துவிட்டு வீடு திரும்ப எட்டாகும். வந்ததும் கால் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்துத் தரையில் படுத்துவிடுவாள். அப்பா தோல் பதனிடும் டேனரியில் இருந்தார். பெரிய மர டிரம்மில் தோலைப் போட்டுச் சுற்றவிடுகிற வேலை. அந்த மருந்துத் தண்ணீர் ஏறி அவருடைய நகக்கண்கள் எப்போதும் நீலமாக இருக்கும். அவர் சட்டையை மட்டும் அம்மா தனி வாளியில் ஊறவைப்பாள்.

“காக்கா எழுதிட்டு போயேன். எங்க பாத்தாலும் இருக்குது, பேஜாரே இல்ல” என்றார் அப்பா.

“எல்லாரும் காக்காதாம்ப்பா எழுதறாங்க.”

அப்பா என் கட்டங்களைப் பார்த்துவிட்டு, “நாளிக்கி ஞாயித்துக்கிழமதானே? வா, ஒன்னு காட்றேன்” என்றார்.

ஞாயிறு காலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஊர் தாண்டி, பாலாற்றங்கரையில் எப்போதோ மண் எடுத்த ஒரு பள்ளம். அதன் பக்கத்தில் மோட்டார் இல்லாத பழைய பம்பு கொட்டகை. அப்பா எங்கேயும் தேடவில்லை. வண்டியை நேராக ஒரு புங்க மரத்தடிக்கு ஓட்டிப்போய் நிறுத்தினார். மரத்தடியில் ஒரு கல். அதில் ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து மேல்பக்கம் சுத்தமாக இருந்தது.

இப்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவின் டேனரியை அதற்குப் பத்து நாள் முன்பே மூடியிருந்தார்கள். அவர் வீட்டில் சொல்லவில்லை. காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, இரண்டு மூன்று கம்பெனி கேட்டில் வேலை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் அந்தப் புங்க மரத்தடிக்கு வந்துவிடுவார். ஆறு மணிக்கு எப்போதும்போல வீட்டுக்கு வருவார். சம்பள நாளுக்குள் வேறு இடம் கிடைத்துவிடும், கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு. முன்பே சொன்னால் அம்மா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறேன் என்று நிற்பாள். அவளுடைய வலது தோள் அப்போதே பாதிதான் தூக்க வந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பாலிடெக்னிக் படிக்கும்போது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா மேல் முன்பு போல் தோல் வாடை அடிக்கவில்லை என்பதுதான். வண்டியில் அவர் முதுகில் மூக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

“அந்த மேட்டுல ஓட்ட தெரிதா?”

மண் சரிவில் எலுமிச்சம்பழம் உருண்டு போகிற அளவுக்கு ஒரு துளை.

“எலி வளையாப்பா?”

“எலிக்கு நான் எதுக்கு உன்ன பெட்ரோல் போட்டு இட்டாறேன்? அது குருவி வூடு. உள்ள ஒரு கை நீளத்துக்கு போவுது.”

“குருவி மண்ணுக்குள்ளயா இருக்கும்? பொய்.”

“கைய வுட்டு பாரேன்.” சட்டென்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். “ஏய், வேணாம். நீ நெஜமாவே வுட்ருவ.”

மின்கம்பியில் அது வந்து உட்கார்ந்தது. உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு, கிளிப்பச்சை. உச்சந்தலையில் துரு கலந்த பொன்நிறம். தொண்டையில் நீலம். அதற்குக் கீழே கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியது போல ஒரு கோடு. கண்ணுக்கு மை தீட்டிக் கொஞ்சம் இழுத்துவிட்டது போல இன்னொரு கோடு. வால் நடுவிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பச்சைப் பஞ்சுருட்டான் என்று மறுநாள் டீச்சர் பெயர் சொன்னார். அப்பாவுக்கு அது தேனீ பிடிக்கிற குருவி. பறந்துபோய் ஒரு தேனீயைக் கவ்விக்கொண்டு வந்து, அதன் கொடுக்கு போகும்வரை கம்பியில் தட்டித் தட்டி அடித்தது.

நான் துளைக்கு நேர் எதிரே பத்தடி தூரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். பறவை தேனீயோடு கம்பியில் இருந்தது. எழுதிக்கொண்டேன். ஐந்து நிமிடம் கழித்தும் கம்பியில் இருந்தது. எழுதிக்கொண்டேன். துளை வரை பறந்து வந்து, உள்ளே போகாமல் திரும்பிப்போய் உட்கார்ந்து வாலை ஆட்டியது. அதையும் எழுதிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் அது தேனீயைத் தானே விழுங்கிவிட்டது.

“இன்னும் எவ்ளோ நேரம்டி? உள்ள குஞ்சு பசில கெடக்குது” என்றார் அப்பா.

“அது உள்ள போறத பாக்கணும்ப்பா.”

“நீ பாத்துக்னு இருக்கச்ச அது போவாது. ஒருத்தி வாசலயே மொறச்சிக்னு குந்தியிருந்தா எவன் வூட்டுக்குள்ள போவான்? அப்டி திரும்பி உக்காரு.”

“திரும்பிட்டா எப்டி பாக்கறது?”

அப்பா என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். அங்கிருந்து கம்பி தெரிந்தது, துளை தெரியவில்லை. பறவைக்கும் நாங்கள் நன்றாகத் தெரிந்தோம். ஆனாலும் இரண்டே நிமிடத்தில் இன்னொரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு சரிவுப் பக்கம் இறங்கியது. திரும்பி வந்தபோது வாயில் ஒன்றும் இல்லை.

“நீ அத்த பாக்கறதுல அதுக்கு பயம் இல்ல. நீ வாசல பாக்கறதுதான் பயம்.”

“உனக்கு எப்டிப்பா தெரியும்?”

“பாத்துக்னே இருந்தா தெரியுது.”

அந்த வாரம் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். ஐந்து மணிக் கட்டமும் ஆறு மணிக் கட்டமும் நிரம்பின. நான் போகிற நேரத்தில் அப்பா அங்கே இருந்ததில்லை. என் சைக்கிளைத் தூரத்தில் பார்த்ததும் வேறு பக்கமாகக் கிளம்பியிருப்பார். ஆனால் ஒன்பதிலிருந்து நாலு வரை கட்டங்கள் காலியாகக் கிடந்தன. காலிக் கட்டத்தை என்னால் சகிக்க முடியாது. இன்றைக்கும் முடியாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நோட்டை விரித்து வைத்து அழுதுவிட்டேன்.

அப்பா தட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்தார். அம்மா இன்னும் வரவில்லை.

“எட்டுக்கு மேலதான் அதுங்களுக்கு பொழுதே விடியுது. சோம்பேறிங்க. வெயில் ஏர்ற வரைக்கும் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்னு உக்காந்திருக்கும்” என்றார், என்னைப் பார்க்காமல். “பத்து மணிக்கு மண்ணுல பொரண்டு குளிக்கும். உச்சி வெயில்ல வாய தொறந்துக்னு நெழல்ல கெடக்கும். ரெண்டும்தான் தீனி கொண்டாரும், ஆம்பள பொம்பள எல்லாம் கெடையாது.”

“இன்னைக்கா?”

“இன்னைக்கு மூனு மணிக்கு ஒரு கீரி வந்துது. ரெண்டும் கத்தி ஊர கூட்டிடுச்சி. ஒரு கல்லு வுட்டேன், ஓடிச்சி.”

எழுதினேன். திங்கட்கிழமைக்கும் கேட்டு எழுதினேன்; வேலை நேரத்தில் அவர் அங்கே எப்படி என்று எனக்குத் தோன்றவேயில்லை. புதன்கிழமை கேட்டேன், சொன்னார். வியாழன், வெள்ளி, சனியும் சொன்னார். நாளுக்கு நாள் அவர் சொல்வது நீண்டுகொண்டே போனது. வீட்டில் அதிகம் பேசாத மனிதர் அந்த ஒரு வாரம் பேசியது போல் அதற்கு முன் பேசியதில்லை. நான் பார்த்ததை நீல மையிலும் அப்பா பார்த்ததைச் சிவப்பு மையிலும் எழுதினேன்.

“எதுக்கு கண்ணு ரெண்டு கலரு? எல்லாம் நீ பாத்த மாதிரியே எழுதிடேன்.”

“பார்த்தவர் யாருன்னு எழுதச் சொன்னாங்கப்பா.”

சாப்பிடுவதை நிறுத்தினார். “சரி, கையெழுத்து நானே போட்டுத் தர்றேன். அம்மா அசந்து வருவா, அவள கேக்காத.”

நானும் யோசித்துப் பார்த்தேன். பார்த்தவரே சரிபார்த்தவராகவும் இருந்தால் அது செல்லாது என்று பட்டது. டீச்சர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. என் சொந்த விதி. இன்றைக்கு எங்கள் கம்பெனியில் அதுதான் விதி. தைத்தவர் தரம் பார்க்கக் கூடாது.

அதனால் அடுத்த ஞாயிறு மத்தியானம், அம்மா தலைக்குக் குளித்துவிட்டு முடியை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தபோது, நோட்டையும் பேனாவையும் அவள் மடியில் வைத்தேன். அப்பா வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள். அன்று படித்தாள். விரலை வைத்துக் கட்டம் கட்டமாக நகர்த்தினாள்.

“இந்த செவப்பெல்லாம் யாரு?”

“அப்பா பாத்தது.”

“செவ்வாக்கெழம மூனு மணிக்கா?”

“ஆமா. கீரி வந்துது. அப்பாதான் கல்லு வுட்டு தொரத்தினாரு.”

“பொதன்?”

“எல்லா நாளும்மா. ஒரு கட்டம்கூட காலி இல்ல, பாரு.”

நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். வாசலில் வண்டி துடைக்கிற சத்தம் நின்றிருந்தது. அம்மா பேனா மூடியைப் போட்டாள். மறுபடி கழற்றினாள். கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை ஊதினாள்.

“அவ்ளோ வெயில்லயா இருக்குது அது?” என்றாள்.

“நெழல்லதாம்மா. ஒரு புங்க மரம் இருக்குது.”

“தண்ணி?”

“குருவிக்கு எதுக்கும்மா தண்ணி?”

அம்மா நோட்டை மூடி என்னிடம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை அப்பா பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் பெரிய தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும் இருந்தன. மோரை வேறு தனியாகக் கட்டி வைத்திருந்தாள். “வெயில் ஜாஸ்தி” என்று பாத்திரத்திடம் சொல்வது போலச் சொன்னாள். அப்பா பையைத் தூக்கிப் பார்த்தார். கனத்தது. வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அட்டவணைக்குப் பத்துக்கு ஒன்பது. சிவப்பு மை ஆசிரியர்களுக்கு மட்டும் என்று ஒரு மதிப்பெண் போனது. எனக்கு அந்த வாரத்தின் பெரிய துக்கம் அதுதான்.

அட்டைப் பெட்டி கம்பெனி ஒன்றில் லோடு ஏற்றும் வேலை கிடைத்து, அப்பா அம்மாவிடம் வாய் திறந்து சொல்ல இன்னும் ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அம்மா ஓவர்டைமுக்கு நிற்காமல் ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆறு மணிக்கு அப்பா வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும். உடனே அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கொதிக்காத குழம்பைக் கிளறுவாள். கழுவிய தட்டை மறுபடி கழுவுவாள். இரண்டு பேருக்கும் சண்டை என்று முடிவு செய்துகொண்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, “அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை” என்று தினமும் எழுதிவைத்தேன்.

ஒரு நாள் வண்டி வந்து வெகுநேரம் ஆகியும் அப்பா உள்ளே வரவில்லை. நான் கதவருகே போய் நின்று எட்டிப்பார்த்தேன். படிக்குக் கீழே, பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் குனிந்து வண்டிச் சக்கரத்தைப் பார்ப்பது போல் செய்தார். நகங்கள் வெள்ளையாக இருந்தன.

“அங்க நின்னு இன்னா முழிச்சிக்னு இருக்க? இப்டி வந்து திரும்பி உக்காரு” என்றாள் அம்மா.

பரீட்சை நேரத்தில் படிக்காமல் நிற்கிறேன் என்று திட்டுகிறாள் என நினைத்தேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அம்மாவும் சுவரைப் பார்த்துத்தான் நின்றிருந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது. அடுப்பு எரியவில்லை.

அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பின்னால் ஆணியில் பை மாட்டும் சத்தம் கேட்டது.