படுக்கக் கூடாத குதிரை

அந்தக் குதிரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் என் குரல் உயர்ந்துவிடுகிறது. "மெதுவா பேசு, தெருவுக்கே கேக்குது" என்பார் என் கணவர். கேட்கட்டும் என்றுதான் பேசுகிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை இருக்கிறது. கல்யாண ஊர்வலங்களுக்குச் சாரட் வண்டியும் குதிரையும் வாடகைக்கு விடுகிற ஒருவர், அந்த மனையின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு ஒரு வெள்ளைக் குதிரையைக் கொண்டுவந்து கட்டினார். நான் பட்டுப் புடவை முந்தானைகளுக்குக் குஞ்சம் கட்டிக் கொடுக்கிறவள். வெளிச்சத்துக்காகப் பின்பக்கத்து ஜன்னலோரம்தான் உட்காருவேன். தலையை நிமிர்த்தினால் குதிரைதான் கண்ணில் படும்.

ஆரம்பத்தில் அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. மதியத்தில் நின்றபடியே கண்ணயரும். ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனி மட்டும் தரையில் படும்படி வைத்துக்கொள்ளும். காதுகள் பக்கவாட்டில் சரியும். கீழுதடு தொங்கிப்போகும். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றிக்கொண்டு மறுபடி அயரும். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற என் கணவரின் முகம் போலவே இருக்கும் அது.

பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் குதிரை படுத்து நான் பார்த்ததே இல்லை. அதன் முகக்கயிற்றின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, எதிரெதிர்த் தூண்களில் இழுத்து முடிந்திருந்தார்கள். தலையைக் கொஞ்சம் ஆட்டலாம். தரைக்குத் தாழ்த்த முடியாது.

வேலை இல்லாத நாட்களில் அதற்குச் செய்ய ஒன்றும் இல்லை. எதிரே தகரம், பக்கத்தில் தகரம். முன்னாலிருந்த குறுக்குக் கட்டையில் மேல்பற்களை ஊன்றி, கழுத்தை வளைத்து, காற்றை விழுங்கும். ஏப்பம் விடுவது போல ஒரு சத்தம் வரும். கட்டை அந்த இடத்தில் கிண்ணம் போலத் தேய்ந்துவிட்டது. அது சலித்தால் முன்னங்கால்களில் எடையை மாற்றி மாற்றி இடமும் வலமும் ஆடும். நிற்காமல் ஆடும். நான் ஒரு முந்தானையை முடித்து அடுத்ததை எடுக்கும்போதும் ஆடிக்கொண்டிருக்கும்.

பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். போனில் படம் எடுத்தார்கள். "டான்ஸ் குதிரை" என்று பெயர் வைத்தார்கள். குதிரைக்காரரும் சாரட்டின் பின்பக்கத்தில் அதையே எழுதி ஒட்டிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏம்பா, அந்தக் கயித்த கொஞ்சம் நீளமா உட்டா என்னா?"

"படுத்துடும்கா."

"படுத்தா படுக்கட்டுமே."

"வெள்ளக் குதிரைக்கா. சாணியில படுத்தா மஞ்சக் கறை புடிச்சிக்கும். தேய்ச்சித் தேய்ச்சிக் கழுவினாலும் போவாது. கல்யாணத்துல யாரு ஏறுவாங்க? குதிரை நின்னுக்கினேதான் தூங்கும், உங்களுக்குத் தெரியாதா?"

கறைக்காக. ஒரு உயிரைப் படுக்கவிடாமல் கட்டிவைத்த காரணம் அவ்வளவுதான். ஊரில் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். எதிர்வீட்டு அம்மாள், "நமக்கெதுக்குமா வம்பு, அவர் குதிரை அவர் கட்டிக்கினு போறாரு" என்றார்.

கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோவில் போய் அங்கிருந்த டாக்டரம்மாவிடம் சொன்னேன். அடுத்த நாள் வீட்டுக்குப் போகும் வழியில் வந்து பார்த்தார். குனிந்து முன்னங்கால்களைத் தொட்டார். இரண்டு கணுக்களின் முன்பக்கத்திலும் காய்ந்த புண் இருந்தது. நான் அதுவரை கவனிக்கவில்லை.

"நின்னுக்கினு தூங்குறது கோழித் தூக்கம் மாதிரிங்க. நல்ல தூக்கத்துக்கு அது படுத்தே ஆகணும். தெனமும் கொஞ்ச நேரமாவது. படுக்க விடலன்னா நிக்கும்போதே அசந்து முட்டி மடங்கி விழும். அந்தப் புண்ணு அதுதான்" என்று குதிரைக்காரரிடம் சொன்னார். கட்டை கடிப்பதும் ஆடுவதும் அடைந்து கிடக்கிற குதிரைக்கு வருகிற பழக்கம் என்றார். மணல் போடச் சொன்னார், தினம் வெளியே நடத்தச் சொன்னார். குதிரைக்காரர் எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம்" என்றார். டாக்டரம்மாவின் வண்டி தெருமுனை தாண்டியதும் கயிற்றை முன்பைவிட இழுத்துக் கட்டினார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் கட்டினார்.

முகூர்த்தங்கள் நெருக்கமாக வந்த மாதம் அது. ஒரு மதியம் குதிரை ஊர்வலம் முடிந்து வந்து நின்றது. கண் செருகியது. தலை கயிற்றில் தொங்கியது. திடீரென்று முன்னங்கால்கள் இரண்டும் மடங்க, கட்டையில் வாய் மோதி, திடுக்கிட்டு எழுந்தது. உதட்டில் ரத்தம். பக்கத்தில் கட்டிலில் மின்விசிறிக்குக் கீழே கொட்டகைக் காவலாள் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டிலைப் பார்த்ததும் எனக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

புடவையை மடித்து வைத்துவிட்டு நேரே போனேன். இரண்டு கயிற்றையும் அவிழ்த்தேன். மனையில் யாரோ வீடு கட்டக் கொட்டிய மணல் பரந்து கிடந்தது. அங்கே நடத்திக்கொண்டு போனேன். குதிரை மணலை மோந்தது, காலால் கிளறியது, முட்டியை மடித்துப் படுத்துப் புரண்டது. எழுந்து உதறியது. பிறகு மறுபடி படுத்து, கழுத்தையும் நாலு காலையும் நீட்டிக் கிடந்தது.

தெரு கூடிவிட்டது. "செத்துப்போச்சா?" என்றார் ஒருவர். வயிறு ஏறி இறங்கியது. குளம்புகள் மெல்லத் துடித்தன. குறட்டை விட்டது.

குதிரைக்காரர் ஓடிவந்தார். "சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு இருக்குது. யாரைக் கேட்டு அவுத்தீங்க?"

"யாரையும் கேக்கல."

எழுப்புவதற்காகக் காலை ஓங்கினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"இது மேல கால் பட்டுதுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. அந்தக் கால் புண்ணையும் அவங்களுக்குக் காட்டலாம்."

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். வழக்கமாக அவர் பக்கம் பேசுகிறவர்கள்தான். எதிர்வீட்டு அம்மாள் முன்னால் வந்து, "தூங்கட்டும்பா. அதுவா எழுந்திருக்கும்" என்றார். குதிரைக்காரர் அதற்குமேல் நெருங்கவில்லை.

குதிரை தானாகவே கண் விழித்தது. முன்னங்கால்களை ஊன்றி, ஒரு உந்தலில் எழுந்து உடம்பைச் சிலிர்த்தது. விலாவில் மங்கிய கறை. அன்று சாயங்காலம் அதன்மேல் ஒரு சிவப்பு வெல்வெட் துணியைப் போர்த்தி ஊர்வலத்துக்கு ஓட்டிப் போனார்கள். கறை யாருக்கும் தெரியவில்லை. ஒரு துணி போதுமாக இருந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

மறுவாரம் குதிரைக்காரர் கொட்டகையில் மணல் கொட்டினார், கயிற்றை நீளமாக விட்டார். மனம் மாறி அல்ல. தெரு பார்த்துவிட்டது, அதனால். என்னோடு பேசுவதை அன்றே நிறுத்திவிட்டார்.

இப்போது குதிரை மதியத்தில் படுக்கிறது. ஆட்டம் குறைந்திருக்கிறது. கட்டை கடிப்பது மட்டும் நிற்கவில்லை. மறுபடி வந்து பார்த்த டாக்டரம்மா, "அது ஊறிப்போச்சுங்க, இனிமே போறது கஷ்டம்" என்றார்.

"அதான் படுக்குதே, இன்னும் என்னா கோவம்?" என்கிறார் என் கணவர். ஜன்னலோரம் உட்கார்ந்து முடிச்சுப் போடுகிறேன். கட்டையில் பல் உரசுகிற சத்தம் கேட்கிறது. அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் எனக்குக் கோபம் போகவில்லை.