போர்வைக்குள் இருந்த சட்டை

மாத்தளையில் என் மகளைத் தொட்டிலில் போடவிருந்த வாரம் அது. பழைய சேலைகளை அடுக்கித் தைத்த தம் போர்வையை மாமியார் கொண்டுவந்து, "இத விரிச்சுத்தான் புள்ளையப் போடணும்" என்றார். என் கணவரும் அதில் வளர்ந்தவர்தான்.

கிழிசலைச் சரிசெய்ய ஓரத்தைப் பிரித்தேன். சேலைகளுக்கு நடுவே ஒரு கைக்குழந்தைச் சட்டை இருந்தது.

மாமியார் முதல் இரு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். சட்டையை மகளிடமிருந்து தள்ளி வைத்தேன். படித்தவள் இப்படிப் பயப்படலாமா என்று என்னையே கடிந்துகொண்டேன். ஆனாலும் மகளின் மூச்சைப் போய்ப் போய்ப் பார்த்தேன். கடைசியில் கேட்டுவிட்டேன்.

"அத்தை, இது... தவறிப்போன புள்ளையோட சட்டையா?"

"அடி பைத்தியக்காரி! பக்கத்து வீட்டு பாத்துமா மகன் போட்டது. எனக்குப் புள்ள தங்கலன்னு, 'எம் புள்ள போட்டத ஒம் புள்ளைக்குப் போடு, நெலைக்கும்'னு கொடுத்தா. ஒன் புருஷன் மொதல்ல போட்ட சட்டை அதுதான், பத்திரமா உள்ள வச்சுத் தச்சேன். அந்தப் பய இப்ப தொப்பையும் தானுமா இரத்தோட்டைக்கு பஸ் ஓட்டுறான்!"

சட்டையை இருந்த இடத்திலேயே வைத்துத் தைத்தேன்.

மகள் அதில் படுத்ததும் தூங்கிவிட்டாள். நான் மறுபடியும் குனிந்து மூச்சைப் பார்த்தேன். பாத்துமாவும் தன் மகனை இப்படித்தான் பார்த்திருப்பார். அந்தப் பயத்தோடுதான், பிள்ளை தங்காத வீட்டுக்கு அவன் சட்டையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்.