அவனோட எடம்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாத முகூர்த்த நாள். தி.நகரில் என் மனைவியின் அண்ணன் மகளுக்குக் கல்யாண வரவேற்பு. பாட்டுக்கு ஆள் பிடிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எந்தக் கச்சேரியை எந்த மாதம், எங்கே கேட்டேன் என்று உடனே சொல்லிவிடுவேன். எமர்ஜென்சிக்கு முந்தின டிசம்பரில், அடையாறில் ஒரு ராக் குழுவைக் கேட்டேன். நாலு சென்னை இளைஞர்கள். தாங்களே பாட்டுக் கட்டி, தாங்களே வாசிப்பார்கள். முன்னால் நின்று கிடாரோடு பாடியவர்தான் எங்களுக்கு ஹீரோ. அவரைப் போல முடி வளர்த்து வீட்டில் திட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன். அப்புறம் குழு கலைந்துவிட்டது. அவர் தேனாம்பேட்டையில் கிடார் சொல்லித் தருகிறார், கல்யாணங்களிலும் பாடுகிறார் என்று கேள்விப்பட்டதும் நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

வரவேற்பன்று முன்வழுக்கையும் தொப்பையுமாக, கீபோர்டுக்காரர் ஒருவரை மட்டும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். மைத்துனர் என்னைத் தனியாக இழுத்தார்.

"நாலு பேர் குழுன்னு சொன்னீங்களே, மீதி ரெண்டு பேர் எங்க மாப்ளே? நேரா பந்தியில உக்காந்துட்டாங்களா?"

சினிமாப் பாட்டுகளைப் பிழையில்லாமல்தான் பாடினார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பரிசுப் பொட்டலங்களோடு ஒரு வரிசை மேடைக்குப் போனது, இன்னொன்று சாப்பாட்டுக்கு. மைத்துனருக்குப் பொறுக்கவில்லை. "யாரு இவர்னு பசங்க கேக்குறாங்க மாப்ளே. மரியாதையா சாப்பிட அனுப்பிடுங்க. நான் டேப் போட்டுக்கறேன்."

ஒரு காலத்தில் ஆயிரம் பேரை எழுந்து ஆட வைத்தவரை, நானே அழைத்து வந்து, பாதியில் எப்படி இறங்கச் சொல்வது? அவரிடம் போய், அடையாறில் கேட்ட அந்தப் பாட்டு ஒன்றே ஒன்று என்று கேட்டேன்.

"அது நாலு பேர் பாட்டு சார்" என்றார். சற்று யோசித்துவிட்டுக் கிடாரை எடுத்தார்.

குரல் பழைய உயரத்துக்குப் போகவில்லை. முதல் சரணம் முடிந்ததும் சட்டென்று நிறுத்தி, மைக்கை விட்டு ஓர் அடி பின்னால் போனார். வரி மறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கீபோர்டுக்காரரும் அப்படியே நினைத்து, அவசரமாக ரிதம் பட்டனைத் தட்டினார்.

"கை எடு நைனா. அது அவனோட எடம்."

"யாரோட எடம்? இங்க யாரும் இல்லையே தலைவா" என்றபடி கீபோர்டுக்காரர் கையை எடுத்தார்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் டிரம்ஸ் மட்டும் தனியாக வரும். கிடாரை அணைத்தபடி, அந்த வாசிப்பு முழுவதற்கும் தலையசைத்துக் காத்திருந்தார். முடிந்ததும் முன்னால் வந்து விட்ட இடத்திலிருந்து பாடினார். பாட்டுக்குத் திரும்பாத தலைகள் அந்த மௌனத்துக்குத் திரும்பின. டேப் ரெக்கார்டர் பக்கம் போன மைத்துனரும் நின்றுவிட்டார்.

இரண்டாம் சரணம் முடிந்ததும் மறுபடி பின்னால் போனார். இந்த முறை பந்தி வரிசையில் நின்ற ஒரு நரைத்த தலைக்காரர், முன்னாலிருந்த இரும்பு நாற்காலியின் முதுகில் அந்த டிரம்ஸ் வாசிப்பைத் தட்டினார். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் தட்டுவோம். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். நானும் தட்டினேன். அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபோது அடையாறில் பார்த்த முகம் வந்து போனது.

அப்புறம் யாரும் டேப் போடச் சொல்லவில்லை. கடைசிப் பந்தியில் மைத்துனரே அவருக்குப் பரிமாறினார். பாயசம் ஊற்றிக்கொண்டே, "அந்த டிரம்ஸ்காரர் இப்ப எங்க சார் இருக்காரு?" என்று கேட்டார்.

"போன ஆடியில போயிட்டான் சார். வாசிக்கறப்ப எப்பவும் ஓட்டமா ஓடுவான், நான்தான் மெதுவா மெதுவான்னு கத்துவேன்." இலையைப் பார்த்தபடி சொன்னார். "இன்னிக்கு கூட சீக்கிரமே முடிச்சிட்டான்."

குழு கலைந்த பிறகு ஒரு பாடகரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று நண்பர்கள் இன்றும் வாதிடுவார்கள். எனக்கோ, மைக்கை விட்டு ஓர் அடி பின்னால் போய் அவர் நின்ற நிற்பு கண்முன்னே வரும், அடையாறில் பார்த்த ஹீரோவைவிட இவர்தான் பெரியவர் என்று தோன்றும்.