அட்டைப்படத்துப் பூக்கூடை

என் நாவலின் புதிய பதிப்பு மேசைமேல் கிடக்கிறது. அட்டையில் பின்னால் ஒரு பழைய சினிமாக் கொட்டகை; முன்னால் ஒரு சுரங்கவாயிலிலிருந்து மூன்று சிறுவர்கள் ஓடிவருகிறார்கள். ஒருவன் தலையில் பூக்கூடை, அது நிறைய மல்லிகை. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் விரும்பும் சரித்திர சாகசக் கதை என்கிறது பின்னட்டை. இவ்வளவு மட்டமான கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அந்தக் கூடை என் கற்பனை அல்ல. மயிலாப்பூரில் எங்கள் தெருமுனைக் கொட்டகையில் பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவருடையது. கடற்கரை மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்துக்காரர். கேட்டில் நிற்பதால் எல்லோருக்கும் அவர் கேட்டம்மா. நான் அப்போது தமிழ் வாத்தியார். எழுத்தாளனாகும் ஆசை வேறு. படம் ஆரம்பித்து வாசல் ஓய்ந்ததும் அவர் படியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். நான் நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் நிற்பேன்.

வெள்ளைக்காரன் காலத்தில், இளம்பெண்ணாக இருந்தபோது, அவர் அந்தக் கொட்டகை ஆட்களுக்கு மீன் விற்றுக்கொண்டிருந்தார். சர்க்காருக்குப் பிடிக்காத பாட்டு இருந்ததென்று ஒரு படத்தைப் பறிமுதல் செய்ய உத்தரவு வந்தது. அதிகாரி வரும்வரை வாசலில் போலீஸ் காவல். கேட்டம்மா படச்சுருள்களை மெழுகுத்துணியில் சுற்றிக் கூடையின் அடியில் வைத்து, மேலே விற்காத மீனைப் பரப்பி, மூன்று நடையில் முழுப் படத்தையும் வெளியே கொண்டுபோய்விட்டார். “நாத்தம் தாங்காம போலீஸ்காரன் மூஞ்சத் திருப்பிக்கினான் நைனா. அதான் விஷயமே,” என்பார். அதற்காகத்தான் முதலாளி பிறகு அவருக்கு வாசல் வேலை கொடுத்தாராம். என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: “என் பேத்தி படிக்கிற மாரி எழுது.”

நான் மீனைப் பூவாக்கினேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் குழந்தைகள் படிக்கும் கதையில் மீன் எதற்கு என்று எனக்கே தோன்றியது. ஆனால் பூக்கூடையைக் கண்டு எந்தப் போலீஸ்காரன் முகத்தைத் திருப்புவான்? அதனால் கொட்டகையிலிருந்து கோயில் குளம்வரை ஒரு சுரங்கப்பாதை வெட்டினேன். பத்தடி தோண்டினால் தண்ணீர் ஊறும் இடத்தில் சுரங்கம்! கேட்டம்மா இருந்த இடத்தில் மாடவீதிப் பையன்கள் மூவர், மூவருமே வகுப்பில் முதல் மாணவர்கள். இந்த அபத்தத்துக்குப் பரிசும் கொடுத்தார்கள். சால்வையைப் போர்த்திக்கொண்டு வீரத்தைப் பற்றிப் பேசினேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மட்டும் கேட்டாள்: “ஏன்னா, மீன்னு எழுதினா கை நாறிடுமா?”

கேட்டம்மாவுக்கும் ஒரு பிரதி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாதது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது!

சில வாரம் கழித்து மனைவியோடு படத்துக்குப் போனேன். கேட்டம்மா அவளுடைய டிக்கெட்டைக் கிழித்தபடி, என் பக்கம் திரும்பாமல் அவளிடமே சொன்னார்: “உன் வூட்டுக்காரரு நல்லாத்தாம்மா எழுதிக்கீறாரு. பேத்தி மொத்தமும் படிச்சுது. புக்குல பூவுன்னு போட்டுக்கீது, பசங்கதான் தூக்கினு போனாங்கன்னு கீது, நீ இத்தினி நாளா பொய்யா சொல்லிக்கினு இருந்த ஆயான்னு கேக்குது. அச்சுல வந்துட்டா நான் இன்னா சொன்னாலும் எடுபடாதுல்ல?”

கதை என்றால் கொஞ்சம் மாற்றத்தான் வேண்டும் என்று ஏதோ முனகிவிட்டு உள்ளே போனேன். முழுப் படமும் பார்த்தேன். இடைவேளையில் முறுக்குகூட வாங்கித் தின்றேன்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. கேட்டம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. புதிய பதிப்பிலாவது மாற்றலாம் என்றேன். “பசங்களுக்கு அந்தச் சுரங்கம்தான் சார் உயிர்,” என்றார் பதிப்பாளர். சரி என்றேன். எண்பது வயதிலும் என் வீரம் அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு பிரதியை எடுத்துப் பூ என்று வந்த இடமெல்லாம் அடித்து மீன் என்று எழுதினேன். முன்பக்க வெற்றுத்தாளில் நடந்ததை நடந்தபடி எழுதி, ஆட்டோ பிடித்து நொச்சிக்குப்பம் போனேன். அந்தப் பேத்திக்கு இப்போது அறுபது வயதிருக்கும். பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சாலையோரம் மீன் விற்ற ஒரு பெண்ணிடம், சினிமாக் கொட்டகை கேட்டம்மாவின் பேத்தி என்று விசாரித்தேன்.

“மொதல்ல இப்டி திரும்பு பெர்சு. மூக்கப் பொத்திக்கினு அந்தாண்ட பாத்துப் பேசுனா இன்னா புரியும்?”

அப்போதுதான் கவனித்தேன். துண்டு என் மூக்கின்மேல் இருந்தது. அந்தப் போலீஸ்காரனைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தேன்.

துண்டை எடுத்துவிட்டு மறுபடி கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவந்தேன். உள்ளே எவ்வளவு அடித்துத் திருத்தியிருந்தும், அட்டையில் மல்லிகை மல்லிகையாகவே இருக்கிறது.