சீட்டுத் தாச்சிக்கு வாய் வேண்டும்

“போன மாசம் தந்தனான்தானே அன்ரி, பிறகேன் இந்த மாசமும் வந்து நிக்கிறியள்?”

சுகந்தி ரீச்சர் தன் வீட்டுப் படலையை அரைவாசி மட்டும் திறந்துகொண்டு கேட்ட கேள்வி இது. மாதாமாதம் கட்டுகிறதற்குப் பெயர்தான் சீட்டு என்று ஒரு பட்டதாரி ஆசிரியைக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

சீட்டு நடத்துகிறவளை எங்கள் பக்கத்தில் தாச்சி என்பார்கள். மற்றவர்கள் சேமிப்பதற்காகத் தன்னுடைய நிம்மதியைச் செலவழிக்கிற தொழில். மானிப்பாயில் இதை ஒன்பது வருடமாகச் செய்கிறேன். சம்பளம் கிடையாது, முதல் மாதச் சீட்டை நான் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கொன்வென்ற்றில் சிஸ்டர்மார் எனக்குப் பொறுமையைத் தவிர மற்றதெல்லாம் படிப்பித்தார்கள். இந்தத் தொழிலுக்கு வேண்டியது அது ஒன்றுதான். உங்களில் யாரும் சீட்டுப் பிடித்திருந்தால் நான் மேலே சொல்லவே தேவையில்லை, உங்களுக்கே விளங்கும்.

என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு மாதம் பத்தாயிரம். கடைசி ஞாயிறன்று அந்த மாதத்துக்குரியவளின் கையில் ஒரு லட்சத்து இருபதாயிரமும் முழுதாகப் போக வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் தாச்சி போட வேண்டும். இந்த மாதம் ரெஜினாவின் முறை. குருநகரிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் விற்கிறவள். எஞ்சின் பழுதாகி அவர்களுடைய வள்ளம் ஐந்து கிழமையாகக் கரையில் கிடக்கிறது. பாவித்த எஞ்சின் ஒன்றுக்கு முற்பணம் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை மிச்சக் காசு போகாவிட்டால் எஞ்சின் வேறு ஆளுக்கு, முற்பணமும் போச்சு.

பேர் போட்ட காசு

படலையில் நின்று சண்டை பிடித்தால் தெரு கேட்கும் என்று சுகந்தி என்னை உள்ளே கூப்பிட்டாள். விறாந்தையில் புதுக் குளிர்சாதனப் பெட்டி, சுற்றின பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. “உந்தப் பெட்டி வாங்கக் காசிருந்தது, சீட்டுக்கு இல்லையோ?” என்றேன். அவள் போனைத் திறந்து என் மூக்குக்கு முன்னால் பிடித்தாள். “பாருங்கோ, என்ரை கிரெடிட் காட்டிலை இன்னும் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் மிச்சம் கிடக்கு. நான் ஒண்டும் காசில்லாத ஆளில்லை.”

அது பாங்க் உனக்குக் கடன் தரக்கூடிய எல்லை, உன்னுடைய சேமிப்பு இல்லை, அதில் தொட்ட ஒவ்வொரு ரூபாயையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று கால் மணித்தியாலம் சொன்னேன். பிள்ளைகளின் கொப்பியில் பிழை பார்க்கிற மாதிரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அப்ப ஏன் அன்ரி அந்தக் காட்டிலை என்ரை பேர் போட்டிருக்கு?”

கள்ளருக்குப் பயம்

அடுத்தது சுன்னாகம், பரிமளமக்கா. மனுசன் சந்தையில் வெங்காய வியாபாரம். அக்காவுக்குக் கள்ளர் பயம். அதனால் நகையெல்லாவற்றையும் பாங்கில் அடைவு வைத்திருக்கிறா. காசு தேவைப்பட்டு இல்லை, பாதுகாப்புக்கு! அடைவு வைத்தால் காசு தருவார்கள்தானே. அதை வீட்டில் வைத்திருந்தால் அதற்கும் கள்ளன் வருவான் என்று உடனே செலவழித்துவிடுவா. பிறகு வருடாவருடம் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிப்பா. நகை மூன்று வருடமாக வெளியில் வரவில்லை.

சிரிக்காதேயுங்கோ, உங்கள் ஒழுங்கையிலும் இப்படி இரண்டு பேர் இருப்பினம். “லொக்கர் எடுத்தா இந்த வட்டியிலை கால்வாசியும் வராதே அக்கா” என்றேன். வெங்காயச் சருகு ஒட்டின நூறு ரூபாய்த் தாள்களாகப் பத்தாயிரத்தையும் எண்ணி என் கையில் வைத்துவிட்டு அக்கா சொன்னா: “விசர்க்கதை கதையாதை தங்கச்சி. லொக்கரெண்டா நான் பாங்குக்குக் காசு குடுக்கோணும். அடைவெண்டா பாங்க் எல்லோ எனக்குத் தருது!”

ரெஜினாவின் பாங்க்

பன்னிரண்டு பேரிலும் ஒரு மாதம்கூடப் பிந்தாதவள் ரெஜினாதான். வள்ளம் கரையில் கிடந்த ஐந்து கிழமையும் வேறு ஆட்களின் மீனை வாங்கி விற்று, ஈரத்தாள்களைப் பையில் சுற்றிக் கொண்டுவந்து தந்தவள். வீட்டுக் கொடியில் துணி காயப்போடும் கிளிப்பால் அந்தக் காசை நான் காயப்போட்டிருக்கிறேன். பாங்கில் புத்தகம் இருக்கிறதே, அங்கே போட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். மீன் செதிள் தெறிக்கத் தெறிக்கச் சிரித்தாள். “பாங்கிலை போட்டா என்ரை மனுசன் என்னை நச்சரிச்சு எடுப்பிச்சுப்போடும் அக்கா. உங்களிட்டைக் கிடந்தா உங்கடை வாய்க்குப் பயத்திலை ஒருத்தரும் கிட்ட வரமாட்டினம்.”

எங்கள் வீட்டு வியாதி

என் வாய்க்குப் பயப்படாத ஆள் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது. சுகந்தி போல யாரும் கைவிரித்தால் போடுவதற்கென்று இருபத்தையாயிரம் ரூபாயை நானும் இவரும் சேர்ந்து வைத்திருக்கிற கணக்கில் போட்டிருந்தேன். என்னுடைய இந்த மாதப் பங்கும் அதற்குள்தான். வெள்ளிக்கிழமை காலை எடுக்கப் போனால் கிடந்தது முந்நூற்றுச் சொச்சம்.

இவர் போன வருடம் சுவரளவு ரீவி ஒன்றை வட்டியில்லாத் தவணை என்று கிரெடிட் காட்டில் வாங்கினவர். இரண்டு தவணை பிந்திவிட்டது, வட்டி ஏறிவிட்டது. அதற்குப் பிறகு மாதாமாதம் ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டிக்கொண்டு, அதே காட்டில் பெற்றோலும் அடித்திருக்கிறார். இந்த மாதக் குறைந்த தொகைக்குக் கையில் காசில்லாமல் என் சீட்டுக் காசில் கைவைத்திருக்கிறார். “அது ரெஜினாவின்ரை எஞ்சின்” என்று கத்தினேன். மனுசன் ரிமோட்டைக் கீழே வைக்காமலே சொன்னது: “நான் என்ன குடிச்சோ அழிச்சனான்? ரீவியை நீயும்தானே பாக்கிறாய்!”

மூன்று கிழமை

சுகந்தியின் பத்தும் என்னுடைய பத்துமாக இருபதாயிரம் குறைகிறது. என் தனிப் பெயரில் ஒரு லட்ச ரூபாய் நிலையான வைப்பு ஒன்று இருந்தது. தாச்சியாக எடுத்த முதல் சீட்டுகளில் மிச்சம் பிடித்தது. பல்லுக் கட்டுவதற்கு வைத்திருந்தேன். முதிர இன்னும் மூன்று கிழமை. இப்போது முறித்தால் வட்டியில் பெரும்பகுதி போய்விடும். பாங்க் கவுண்டரில் இருந்த பெட்டை நல்ல பிள்ளை. முறிக்காமல் அதன் மேல் சின்னக் கடனாக எடுக்கலாம், நட்டம் குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். அவள் சொன்னது சரி. ஆனால் என் காசை நானே வட்டிக்கு எடுப்பதோ? கடன் என்ற சொல்லைக் கேட்கவே பற்றியெரிந்தது. முறி என்றேன். பெட்டை படிவத்தை நீட்டிக்கொண்டே சொன்னாள்: “கோவத்திலை முறிக்காதேயுங்கோ அன்ரி எண்டு தினமும் சொல்லுறன், ஆனா முறிக்க வாற எல்லாரும் கோவத்திலைதான் வருகினம்.”

ஞாயிறு

பூசை முடிந்த கையோடு ரெஜினா வந்தாள். விரலை நனைத்து இரண்டு தரம் எண்ணினாள். உடனே மனுசனுக்குப் போன் எடுத்து, “இஞ்சை, காசு வந்திட்டுது, இப்பவே போய் எஞ்சினைப் பாரும்” என்றாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். “காசிலை ஒண்டும் குறையேல்லை அக்கா, உங்கடை முகத்திலைதான் ஏதோ குறையுது.”

ஊரில் பதினொரு பெண்களிடம் பத்தாயிரம் பத்தாயிரமாக வாங்கிவிடலாம், வீட்டில் ஒரு மனுசனிடமிருந்து ஒரு பிளாஸ்ரிக் துண்டை வாங்குவதுதான் முடியாத காரியம்.

சாப்பாட்டு மேசையில் இவர் தலை நிமிராமல் மீன்முள் எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் மூன்றாம் தரமும் கேட்கிறேன்.

“இஞ்சேருங்கோ, அந்தக் காட்டை எடுத்து இதிலை வையுங்கோ.”