தூசி படியாத டப்பா

மெத்தைக்காரி யாரையும் லேசில் நம்பமாட்டாள். பஞ்சு வாங்கினால் மூட்டையின் அடிவரை கையை விட்டுத் துழாவிப் பார்ப்பாள். மேலே வெள்ளை, உள்ளே குப்பை என்று எத்தனை வியாபாரிகளைப் பார்த்தவள்! இருபது வருடமாக முன்னறையில் உட்கார்ந்து மெத்தை தைத்ததில் இருமல்தான் மிச்சம். கணவர் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஆறு மாதமாக ஊரிலுள்ள லிஃப்டுகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் நிற்கின்றன என்பதையும் அவள் கவனித்து வைத்திருந்தாள்.

அவள் வீட்டுக்குத்தான் ஆராய்ச்சி நிலையத்துப் பெண் ஒருத்தி ஒரு மெஷினோடு வண்டியில் வந்தாள். வீட்டுத் தூசியால் நுரையீரல் எவ்வளவு கெடுகிறது என்று பார்க்கிறார்களாம். பஞ்சு வேலை நடக்கும் வீடு என்பதால் முந்தின நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“போன வருஷம் இதே வண்டியில எச்.ஐ.வி. டெஸ்ட்டுன்னு வந்தீங்க. இப்ப தூசின்னா நான் நம்பணுமா?”

“அதுவும் எங்க ஆபீஸ்தான்க்கா. அப்ப நான் தடுப்புப் பிரிவுல இருந்தேன். இப்ப இங்க மாத்திட்டாங்க.”

“இந்த மெஷின் நாங்க பேசறதைப் பிடிக்குமா?”

“தூசிய மட்டும்தான் இழுக்கும்.”

உள்ளே வந்தவள் தரையைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். வீடு கண்ணாடி மாதிரி இருந்தது.

“கூட்டாம வைங்கன்னு சொன்னேனேக்கா!”

“ஆள் வர்ற நேரத்துல வீட்டைக் குப்பையா வைக்கச் சொல்றியா? நல்லா இருக்கே!”

பீரோ மேல்பக்கம் மட்டும்தான் பாக்கி. அது அவளுக்கு எட்டாது. அந்நியப் பெண்ணைப் பீரோவை அண்டவிட மனம் வரவில்லை. தூசி எடுக்கும் பிரஷ்ஷை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு தானே ஸ்டூலில் ஏறினாள்.

மேலே பழைய கடிகாரம், உடைந்த டார்ச், இரண்டு தகர டப்பா. எல்லாவற்றின்மேலும் விரல் தடிமனுக்குப் பஞ்சுத் தூசி. நடுவில் ஒரு வெள்ளை மாத்திரை டப்பா மட்டும் பளிச்சென்று இருந்தது. அந்த வீட்டில் ஒரு பொருள் இரண்டு நாள் அசையாமல் இருந்தால் நரைத்துவிடும். யாரோ இதைத் தினமும் எடுக்கிறார்கள். ஸ்டூல் போடாமல் எட்டுகிற ஆள் வீட்டில் ஒருவர்தான்.

அவள் கணவர். என்ன வியாதியை மறைக்கிறார்?

“உங்க மாத்திரையாக்கா?” என்றாள் கீழே நின்றவள், டப்பாவை வாங்கிப் பார்த்தபடி.

“ஆமா” என்று புளுகினாள். “எதுக்குக் குடுத்தாங்கன்னு மறந்துபோச்சு.”

“எங்க தடுப்புப் பிரிவுச் சீட்டுதான் ஒட்டியிருக்கு. பயப்படாதீங்க. இது எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கு இல்ல. வராம இருக்கறதுக்கு. ஒரு நாள்கூட விடாம சாப்பிடணும்.”

போன உயிர் திரும்பி வந்தது. கடவுளே, ஒன்றும் இல்லை! அதற்குள் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“வீட்டுக்காரருக்கு வெளிய பழக்கம் இருக்கா? அதனால குடுத்தாங்களா?”

மெத்தைக்காரி ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுபடியும் “ஆமா” என்றாள். இந்தத் தடவை புளுகவில்லை.

சாயங்காலம் கணவர் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்தாள். அவர் முகம் வெளுத்தது. லிஃப்டைப் பற்றி ஏதோ ஆரம்பித்து, பாதியில் விட்டார்.

“உனக்கு எதுவும் வந்துடக்கூடாதேன்னுதான்...” என்றார் கடைசியில்.

அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

“அவ்வளவு அக்கறை இருக்கிறவரு போகாமலே இருந்திருக்கலாமே?”